காதல் நாவலுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?

வாசகியின் கேள்வி, 9 ஜூன் 2024

உங்கள் நாவல்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன், அக்கா. அலுவலகத்துக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு எப்போது எழுதுகிறீர்கள்? மனநிலை வந்தால்தான் எழுதுவீர்களா? ஒவ்வொரு கதைக்கும் கரு எங்கிருந்து கிடைக்கிறது? காதலித்தவர்களால்தான் காதல் கதை எழுத முடியும் என்கிறாள் என் தோழி. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை.

10 ஜூன் 2024, காலை

மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு நாவலைக்கூட நான் முடித்திருக்க மாட்டேன். என்னை எழுத வைத்தது தண்ணீர். 1996இல் திருமணமாகி மும்பையின் செம்பூருக்கு வந்தபோது, எங்கள் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் விடியற்காலை நாலே முக்காலுக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். குழாயைத் திறந்துவிட்டு, டிரம்மும் குடங்களும் நிறையும்வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒன்றேகால் மணி நேரம் வெறுமனே கழிகிறதே என்ற தவிப்பில், ஒரு நாள் இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் டிரம்மில் விழும் தண்ணீர் இரையும். நிறைய நிறையச் சத்தம் கம்மிக்கொண்டே வரும். அது அடங்குவதற்குள் ஒரு காட்சியை முடித்துவிட வேண்டும் என்று கை பழகிற்று. இன்று கட்டடத்துக்கு மேல்தொட்டியும் மோட்டாரும் வந்துவிட்டன, யாரும் விழித்திருக்கத் தேவையில்லை. இருந்தாலும் எனக்கு நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நாளுக்கு நான்கு பக்கம் எழுதுகிறேன். காய்ச்சல் கண்ட நாள்களில் ஒரு பக்கம்.

கருவைப் பற்றிக் கேட்டீர்கள். தெரிந்தவர்களின் வாழ்க்கையை எடுத்து எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. எல்லாம் கற்பனையே.

10 ஜூன் 2024, இரவு

தோழி சொன்னதற்குக் காலையில் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்குத் தென்காசியில் பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். மணமேடைக்கு முன்பு அவரோடு நான் பேசியது இரண்டே வாக்கியங்கள். ஆகவே தோழியின் கணக்குப்படி எனக்குத் தகுதி இல்லை.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1985இல் வெளியிட்ட காலரா காலத்துக் காதல் நாவலில் வரும் இளமைக் காதல், அவருடைய பெற்றோரின் காதலிலிருந்து பிறந்தது. தந்தை தந்தி அலுவலக ஊழியர். பெண்வீட்டார் அவரை ஏற்காமல் பெண்ணை நெடும்பயணம் அழைத்துச் சென்றுவிட்டார்கள். அவரோ வழியிலிருந்த தந்தி அலுவலகத் தோழர்கள் மூலம் அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். மகன் பிற்காலத்தில் தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்தக் கதையில் என்னை இழுப்பது காதலைவிடவும் தந்திக் கம்பிதான். எந்த வழியாக அவர்களைப் பிரித்தார்களோ, அந்த வழி நெடுகக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. நாவல் தொடங்குமுன் நான் தேடுவதும் அத்தகைய ஒன்றைத்தான்: இந்த இருவரைப் பிரித்து வைப்பது எது, அந்தப் பிரிவுக்குள்ளேயே செய்தி எந்த இடுக்கு வழியாக வந்து சேர்கிறது? இவ்விரண்டும் தெரியாமல் நான் தொடங்கிய நாவல்கள் எல்லாம் ஐம்பதாவது பக்கத்தில் நின்றுபோயிருக்கின்றன.

14 ஜூன் 2024

ரயிலைப் பற்றி எழுதாமல் என் எழுத்தைப் பற்றி எழுத முடியாது. பெண்களுக்கே உரிய முழு ரயில் 1992 மே 5 அன்று மேற்கு ரயில்வேயில் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஹார்பர் தடத்தில் எனக்கு வாய்த்தது பெண்கள் பெட்டி. செம்பூரில் ஏறினால் திலக் நகர், குர்லா, சூனாபட்டி, ஜி.டி.பி. நகர், வடாலா ரோடு, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித் தாண்டி, இன்றும் நாங்கள் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கி, பல்லார்டு எஸ்டேட்டிலுள்ள அலுவலகத்துக்கு நடப்பேன். அன்றைய விடியலில் எழுதிய உரையாடலைக் காட்டன் கிரீன் வருவதற்குள் மனத்துக்குள் பேசிப் பார்த்துவிடுவேன். அதற்குப் பிறகு காதுகள் மற்றவர்களுக்கு.

அந்தப் பெட்டியில் வெந்தயக்கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள், மாமியாரைப் பற்றியும் மேலாளரைப் பற்றியும் பேசுவார்கள். பேச்சை நான் எழுதி வைப்பதில்லை. பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்பதையே எழுதி வைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வடாலா ரோடு தாண்டியதும் நாள்தோறும் யாரையோ அழைத்து, "ஜேவ்லாஸ் கா?" என்று கேட்பாள். சாப்பிட்டாயா என்ற அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் கேட்டதும் தொடர்பைத் துண்டித்துவிடுவாள். மூன்று மாதம் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் அவள் அழைக்கவில்லை. கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ரே ரோடு வரை அதையே பார்த்திருந்தாள். அன்று மாலை என் நோட்டில் "ரே ரோடு, காலை 8.50, கேட்கப்படாத கேள்வி" என்று எழுதினேன். என் ஒன்பதாவது நாவல் அந்த வரியிலிருந்து வளர்ந்தது. அவள் யாரை அழைத்தாள் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

16 ஜூன் 2024

தில்லியிலிருந்து ஒரு வாசகர் "கரு" என்ற சொல்லையே நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது கதையின் கரு அன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்தில் கருக்கொண்டு வாழ்பவை அவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியன உரிப்பொருள். இருபது ஆண்டுகளாக நான் செய்துவருவது இதுதான் என்பது அவர் எழுதிய பிறகே எனக்கு விளங்குகிறது. என் நோட்டில் முதலில் இடத்தையும் வேளையையும் எழுதுகிறேன். அடுத்து அங்கே தின்றது என்ன, கேட்ட ஒலி என்ன, நின்ற மரம் எது என்பவை: வடாபாவும் கட்டிங் சாயும், கணபதி ஊர்வலத்தின் டோல் தாஷா, குளிர்காலத்தில் சிவ்ரி சேற்றுநிலத்துக்கு வந்து மே மாதம் வரை தங்கும் பூநாரைகள். இவையெல்லாம் நிறைந்த பிறகே அதில் இரண்டு மனிதர்களை நிறுத்துகிறேன்.

இந்த முறையால் எனக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கடற்கரை நெய்தல் நிலம், அதற்கு உரியது இரங்கல். ஆகவே மரைன் டிரைவிலும் வொர்லியிலும் நான் ஏக்கத்தை மட்டுமே எழுதுவேன், கூடலை எழுத மாட்டேன்.

17 ஜூன் 2024

நேற்று நான் எழுதிய கடைசிப் பத்தி தவறு. திணை மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலம் நிலத்தோடு கலப்பதில்லை. ஆனால் ஒரு திணைக்கு உரிய ஒழுக்கம் இன்னொரு திணையின் நிலத்தில் நிகழத் தடை இல்லை. மும்பையில் வாழ்கிற நான் இதை நூலைப் பாராமலே அறிந்திருக்க வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீடுகளிலிருந்து வரும் இளையவர்களுக்குப் பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்டின் பாறைகளை விட்டால் வேறிடம் ஏது? நகரத்துக்குத் தங்கள் முதுகையே சுவராக எழுப்பிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கூடலை நெய்தல் நிலத்திலன்றி வேறெங்கே எழுதுவது?

18 ஜூன் 2024

தொடராக ஏன் இப்போது எழுதுவதில்லை என்று மூன்று பேர் கேட்டுள்ளீர்கள். வாரம் இரண்டு அத்தியாயம் வெளியிட்ட நாள்களில், "அடுத்த யூடி எப்போது அக்கா?" என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்கும் அன்பான கேள்விகளுக்கு இடையே, நாயகன் இவ்வளவு பேசாமல் இருக்கக் கூடாது, அவளிடம் சீக்கிரம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வேண்டுகோள்களும் வரும். பதினைந்தாம் அத்தியாயத்தில் நான் இணங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டான், கதை அங்கேயே செத்தது, அதன்பின் இருபது அத்தியாயம் அதைத் தூக்கிச் சுமந்தேன். முழுவதும் எழுதி முடித்த பிறகே வெளியிடுவது என்று அன்று முடிவெடுத்தேன்.

22 ஜூன் 2024

10ஆம் தேதி காலை எழுதியதை மீண்டும் படித்தேன். தெரிந்தவர்களின் வாழ்க்கையை எடுத்து எழுதுவதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையன்று.

2016இல் வெளிவந்த என் நாவல் ஒன்றின் நடுப்பகுதி, எங்கள் மாடிப்படியில் எதிர்வீட்டில் இருக்கும் அக்கா என்னிடம் சொன்னது. இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே, தம் கணவர் இறந்து ஓராண்டு கடந்திருந்த ஒரு மாலையில் சொன்னார். மறுநாள் விடியலில் பதினோரு பக்கம் எழுதினேன். வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. அவரிடம் கேட்கவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணினேன். புத்தகத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதன்பின் எட்டு ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். ரயிலில் பார்த்த அந்தப் பெண்ணைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய நான், இதை மறைத்தது இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குச் செய்த துரோகமாகப் படுகிறது.

23 ஜூன் 2024

எந்த நாவல் என்று கேட்காதீர்கள்.

29 ஜூன் 2024

அகத்திணை மாந்தரைச் சுட்டி ஒருவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அவர்கள் வருவார்கள். கல்லூரியில் இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். பெயரை மட்டும் மறைத்தால் அந்த நெறி நிறைவேறிவிடும் என்றுதான் 2016இலும் நம்பினேன். குறுந்தொகையில் பாடியவர்கள் சிலருடைய பெயர்கூடத் தொலைந்து, அவர்கள் கண்ட காட்சியே பெயராக நிற்கிறது: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். காதலர் பிரிந்தபின் தலைவியின் தனிமை, ஆள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதாக இருக்கிறது. அந்த முற்றம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது, ஆனால் பார்த்தவர் பிழையாகப் பார்க்கவில்லை. நான் முற்றத்தை அடையாளம் தெரியும்படி விட்டுவிட்டு, அணிலைத் தவறாக வரைந்திருக்கிறேனோ என்ற ஐயம் ஒரு வாரமாக இருக்கிறது. நாளை அக்காவின் கதவைத் தட்டப் போகிறேன்.

6 ஜூலை 2024

தட்டினேன். இந்தக் குறிப்பை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயரும் இருவருடைய வேலையும் வரக் கூடாது என்றார், வராது.

காபி கொடுத்தார். "இப்போது வந்து கேட்கிறாயே, அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எழுதியதில் அவருக்கு வருத்தம் இல்லையாம். "நீ அவரை மழைக்குப் பயந்து ஓடிவந்த மனிதராக எழுதிவிட்டாய். அவர் அப்படி வரவில்லை" என்றார்.

நடந்தது 2005 ஜூலை 26. கணவனும் மனைவியும் பதினோரு நாள்களாக ஒரே அறையில் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். கணவர் தென்மும்பையின் கோட்டைப் பகுதியில் வேலை செய்தார், அக்கா குர்லாவில். பிற்பகலில் குர்லா மூழ்கியது. மித்தி ஆறு கரை உடைந்து தெருவெல்லாம் ஓட, அக்கா முதல் மாடியில் இருபது பேரோடு அடைபட்டுக் கிடந்தார். கைப்பேசிகள் செயலிழந்தன, ரயில்கள் நின்றன. இரவு பதினொன்றரைக்குக் கணவர் அந்தக் கட்டடத்தின் படியேறி வந்தார். பதினோரு நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொற்கள், "வீட்டுக் கதவைப் பூட்டினாயா?"

இதை நான் நாவலில் எப்படி எழுதினேன் தெரியுமா? கோட்டையிலேயே பேய்மழை, அலுவலகத்துக்குள் தண்ணீர், தங்க வழியில்லாமல் அவன் வெளியேறி, வெள்ளத்தில் தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்து சேர்கிறான் என்று.

7 ஜூலை 2024

நேற்றிரவு மழைக்கணக்கைத் தேடினேன். அன்று 24 மணி நேரத்தில் வடக்கே சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே 24 மணி நேரத்தில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர். மும்பையின் தென்முனையில் அது ஜூலை மாதத்தின் வழக்கமான ஒரு மழைநாள், குடையோடு போய்ச் சாய் குடித்து வரக்கூடிய நாள். நகரத்தின் வடபாதி மூழ்கிக்கொண்டிருந்தபோது தென்முனை ஏறத்தாழ அன்றாடம்போல் இருந்திருக்கிறது.

அக்காவின் கணவர் அலுவலகத்திலேயே தங்கியிருக்கலாம். அன்று பல்லாயிரம் பேர் அப்படித்தான் தங்கினார்கள். அவர் வி.டி. நிலையத்துக்கு வந்து, குர்லாவில் தண்டவாளம் தெரியவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, பைகுல்லா, தாதர், சயான் வழியாக வடக்கு நோக்கி நடந்திருக்கிறார். செம்பூரில் வீடிருக்க, குர்லாவுக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் திரும்பிப் போக அவருக்கு இடம் இருந்தது. நடக்க நடக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த மழையைக் கோட்டைக்குக் கொண்டுபோனதால், அவருடைய முடிவை அவரிடமிருந்து பறித்துவிட்டேன். மழை துரத்தி வந்த மனிதனுக்கும் மழையை நோக்கிப் போன மனிதனுக்கும் இடையே இருந்த காதல் முழுவதையும் 2016இல் தவறவிட்டிருக்கிறேன். என் பதினோரு பக்க வேகத்தை நான் நம்பியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. வைகறையும் விடியலும் மருதத் திணையின் பொழுதுகள், ஊடல் அதன் உரிப்பொருள். இத்தனை ஆண்டுகளாக அந்த வேளையில் எழுதிக்கொண்டும், ஊடலின் முடிவை எழுத நான் கற்றுக்கொள்ளவில்லை.

13 ஜூலை 2024

மறுபதிப்புக்குப் பதிப்பகத்தார் முன்பே கேட்டிருந்தார்கள். அந்த அத்தியாயத்தைத் திருத்தாமல் தர மாட்டேன் என்று எழுதிவிட்டேன். எட்டு ஆண்டு பழைய நாவலை இப்போது தொடுவானேன், வாசகர்களுக்குப் பழகிய காட்சியாயிற்றே என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஜேன் ஆஸ்டின் 1816 ஜூலையில் 'பர்சுவேஷன்' நாவலை முடித்துவிட்டார், முடிவில் மனம் நிறையாமல் ஆகஸ்டுக்குள் மாற்றி எழுதினார். அவர் கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் படி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பழைய முடிவில் காதலர்கள் ஓர் அறையில் தனியே விடப்பட்டு, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். புதியதில், அவள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டபடியே அவன் அதே அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான். பழையதில் சூழ்நிலை அவர்களைச் சேர்க்கிறது, புதியதில் அவனே எழுதத் துணிகிறான். என் அத்தியாயத்துக்கும் அந்த மாற்றமே தேவை. அச்சேறுமுன் அவர் அதைக் கண்டுகொண்டார், எனக்கு எட்டு ஆண்டு பிடித்தது.

20 ஜூலை 2024

ஆறு நாளில் மூன்று பக்கம். சயான் வரை வந்திருக்கிறான்.

26 ஜூலை 2024

இன்று பத்தொன்பது ஆண்டுகள். விடியலில் கடைசிப் பக்கத்தை எழுதினேன். கோட்டையில் இப்போது தூறல் மட்டுமே. அலுவலகத் தோழர் மேசையை ஒதுக்கி, படுக்க இடம் காட்டுகிறார். அவன் நன்றி சொல்லிவிட்டுக் குடையை எடுக்கிறான். பதினோரு நாள் மௌனத்தைப் பற்றி அவன் எங்கும் நினைப்பதாக எழுதவில்லை. தாதரில் ஒரு முறை, கதவைப் பூட்டினாளா என்று மட்டும் நினைக்கிறான். மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும், பதினான்கு பக்கத்தையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

28 ஜூலை 2024

இன்று காலை அக்கா அவராகவே வந்தார். கையில் என் நோட்டும், ஒரு கிண்ணம் மிளகாய்ப்பொடியும் இருந்தன. சமையலறைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாவது பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"இங்கே குடையை எடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் குடை வைத்துக்கொண்டதே இல்லை. மழை என்றால் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அன்றைக்குப் படியேறி வந்தபோதும் இரண்டு செருப்பும் கையில்தான் இருந்தன. தோல் செருப்பு. புதிது."

பேனாவை எடுத்து, குடையை அடித்தேன்.